தலையாட்டி அக்காவுக்கு ஒரு மைக்

“எங்கம்மாவுக்கும் ஒரு மைக் வைக்கணும் சார்.”

கேட்டே விட்டாள். கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். பல்கலைக்கழக வானொலி நிலையத்தில் தற்காலிக உதவியாளராக மகள் சேர்ந்த அன்று காலை, தலை பின்னிவிடும்போது, பின்னலை ஒரு இழு இழுத்து நிறுத்தி, “அந்தக் கட்டடத்துல எனக்காக எதையும் கேக்காதே. எதையும். ஒரு டம்ளர் தண்ணிகூட” என்றாள். மகளும் இரண்டு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் சுபாவத்துக்கு அது இரண்டு யுகம். நிலையத்தில் அவளுக்குக் கடுகு என்று பெயர். ஆள் சின்னது, சூடு பட்டால் வெடிக்கும்.

நிலைய இயக்குநர் வெந்நீர்க் குவளையை மேசைமேல் வைத்தார். குவளைக்கு அடியில் கம்பளித் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும், சத்தம் வரக்கூடாது என்று. வாய்மேல் விரலை வைத்துக்கொண்டே நடமாடும் மனிதர். அவருக்கு உஷ் சார் என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

“யாருக்கும்மா மைக்?”

“எங்கம்மாவுக்கு. ஸ்டூடியோவுல பதினெட்டு வருஷமா உக்காந்திருக்காங்களே, அவங்களுக்கு.”

“அவங்க கூட்டித் துடைக்கிறவங்கம்மா.”

“துடைச்சு முடிச்சிட்டு உக்கார்றாங்களே சார். அந்த வேலைக்கு என்ன பேரு?”

உஷ் சார் யோசித்துப் பார்த்தார். பேர் கிடைக்கவில்லை. அப்படி ஒரு வேலை அந்தக் கட்டடத்துக்கு வெளியே எங்குமே இல்லை.

அது ஆரம்பித்த கதை இப்படி. வீட்டில் உட்கார்ந்தபடி படிக்கிறவர்களுக்காக நிலையம் தினம் ஒரு பாடம் ஒலிபரப்பும். கடையில் தைத்துக்கொண்டே கேட்பார்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்பார்கள், லாரியில் கேட்பார்கள். முதல் பாடத்துக்கு ஒரு பேராசிரியரைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். இருநூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்குகிற ஆள். மைக்கைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எதிரே ஆள் இல்லை. சுவரெல்லாம் துணி, காதை அடைக்கிற அமைதி. மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் இருமினார். மூலையில் துடைப்பத்தோடு ஒரு பெண், இவர் எழுந்து போனால் தரையைத் துடைக்கலாம் என்று நின்றிருந்தாள். அவர் கண் அவள் முகத்தில் விழுந்தது. முகம் கிடைத்ததும் வாய் திறந்துகொண்டது. அவளைப் பார்த்தே அரை மணி நேரம் பாடம் நடத்திவிட்டார்.

அதற்கப்புறம் எந்தப் பேராசிரியர் வந்தாலும் முதல் கேள்வி, “அந்தம்மா இருக்காங்களா?” என்பதுதான்.

அம்மா அந்த வேலையைத் தானாகவே செப்பம் செய்துகொண்டாள். உள்ளே போகுமுன் கண்ணாடி வளையல்களைக் கழற்றிக் கதவோரத்து ஆணியில் மாட்டிவிடுவாள். இருமல் வந்தால் விழுங்குவாள். ‘ம்’ என்றுகூடச் சொல்லக் கூடாது. புரிந்தால் தலையை ஆட்டுவாள். புரியாவிட்டால் தலையைச் சாய்ப்பாள். சுத்தமாகப் புரியாவிட்டால் கன்னத்தில் கை வைத்துக்கொள்வாள். கன்னத்துக் கை என்றால் பேராசிரியர்கள் அந்த இடத்தை மறுபடி முதலிலிருந்து சொல்வார்கள். பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் ஒரே பாடத்தில் நாலு முறை அந்தக் கையைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பாடத்தை முதலிலிருந்து எழுதிக்கொண்டு வந்தார்.

வானொலியில் அவர்கள் பேச்சின் நடுவே, “என்ன, புரியலையா? சரி, வேற மாதிரி சொல்றேன்” என்பது கேட்கும். தையற்கடைக்காரி ஒருத்தி கடிதம் போட்டிருந்தாள்: ‘எனக்குப் புரியவில்லை என்பது வாத்தியாருக்கு எப்படித் தெரிந்தது? ரொம்பச் சரியான இடத்தில் கேட்டார்.’ அப்படிக் கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. பேராசிரியர்களுக்குப் பாராட்டு விழா நடந்தது. விழா முடிந்ததும் அம்மா நாற்காலிகளை மடித்து அடுக்கினாள். எல்லோரும் ஆசையாகத்தான் அவளைத் தலையாட்டி அக்கா என்றார்கள். அந்த ஆசையைக் கேட்கும்போதெல்லாம் கடுகுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்றைக்கு வெடித்ததற்குக் காரணம் அறிவிப்புப் பலகையில் இருந்த ஒரு தாள். வருகிற திங்கட்கிழமையிலிருந்து அம்மாவுக்கு மாணவர் விடுதியில் துப்புரவு வேலை.

“மாறுதலை நிறுத்துங்கன்னு கேக்க வந்திருப்பேன்னு நினைச்சேன்,” என்றார் உஷ் சார்.

“அதை நிறுத்தினா அடுத்த வருஷம் மறுபடி மாத்துவீங்க சார். மைக் இல்லாத ஆளு இங்க மேசை நாற்காலி மாதிரி. யார் வேணா நகர்த்தலாம்.”

“உஷ்... மெதுவா.” அவர் கோப்பு ஒன்றை எடுத்தார். “நல்லவேளை, நீயே வந்துட்டே. உக்காரு. பல்கலைக்கழகத்துக்கு டிவி வந்தாச்சு, தெரியுமில்ல? சனிக்கிழமையிலேர்ந்து பாடம் ரேடியோவுலயும் டிவியிலயும் ஒரே நேரத்துல போகுது. நேரலை. வாத்தியாருக்குப் பக்கத்துல உக்காந்து சந்தேகம் கேக்க ஒரு ஆள் வேணும்னு குழு முடிவு பண்ணிருக்கு. மாணவர் குரல்னு பேரு. நிரந்தரப் பதவி. உனக்குத்தான் எழுதியிருக்கேன். உச்சரிப்பு சுத்தம், படிப்பு இருக்கு. உன் தற்காலிகப் பணி சனிக்கிழமையோட முடியுது. அன்னிக்கு நிகழ்ச்சி முடிஞ்சதும் கையெழுத்துப் போட்டா ஆணை உன் கையில.”

“எங்கம்மா?”

“புது ஸ்டூடியோவுல கேமரா, விளக்கு, வயரு. வேற ஆளுக்கு இடமில்லைம்மா.”

“புரியாதவங்களை வெளியே அனுப்பிட்டு, புரிஞ்சவளைப் புரியாத மாதிரி கேக்கச் சொல்றீங்க.”

“கொஞ்சம் நடிக்கணும். டிவின்னா அப்படித்தானே?”

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கடுகுக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் குவளையைத் தட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

புதன்கிழமை ஒத்திகை வைத்தார்கள். இயற்பியல் பேராசிரியர் வந்தார். பாடம், வெளிச்சம். நிகழ்ச்சி இருபத்தெட்டு நிமிடம். கடுகு பக்கத்து நாற்காலியில் சட்டைக் காலரில் மைக் மாட்டி உட்கார்ந்தாள். அவரிடம்தான் மூன்று வருஷம் படித்தாள். அவர் வாக்கியத்தைப் பாதி சொல்வதற்குள் இவள் முகம் ‘சரி, அடுத்தது’ என்றது. பதினோராவது நிமிடம் பாடம் முடிந்துபோயிற்று.

“அவ்வளவுதானா?” என்றார் கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து ஒலிப்பதிவாளர்.

பேராசிரியர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். “இந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்தா நான் சொல்ல வேண்டியது எதுவுமே பாக்கி இல்லாத மாதிரி இருக்குய்யா. அந்தம்மா எங்க?”

மீதிப் பதினேழு நிமிடத்தை நினைத்து உஷ் சார் வெளிறிப்போனார். அவருக்குச் சத்தம் எவ்வளவு பயமோ, சத்தமில்லாமல் போவது அதைவிடப் பயம். ஒலிபரப்பில் ஏழு விநாடி எந்த ஓசையும் வராவிட்டால், ஏதோ கெட்டுவிட்டது என்று இயந்திரம் தானாகவே புல்லாங்குழல் இசையைப் போட்டுவிடும். ஒரு தடவை வரலாற்றுப் பேராசிரியர் ஒரு ராஜாவின் சாவைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் பேச்சை நிறுத்திவிட்டார். எட்டாவது விநாடி புல்லாங்குழல் கிளம்பியது. இசை மிகப் பொருத்தம் என்று ஒன்பது கடிதங்கள் வந்தன. உஷ் சார் மட்டும் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசியில் இரண்டு ஏற்பாடு செய்தார். ஏழு சந்தேகங்களை ஒரு தாளில் தட்டச்சு செய்து கடுகிடம் கொடுத்தார். முதல் சந்தேகம்: ‘ஐயா, வெளிச்சம் என்றால் என்ன?’ இரண்டாவது ஏற்பாடு, பேராசிரியரின் பிடிவாதத்துக்காக. இந்த ஒரு சனிக்கிழமை மட்டும் அந்தம்மா கேமராவுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்காரலாம். லென்ஸுக்குமேல் தலை தெரிகிற மாதிரி.

விஷயம் வீட்டுக்கு வந்து சேர வியாழக்கிழமை சாயங்காலம் ஆனது. நாலு நாளாக மழை. ஈரத்துணி அறைக்குள்ளேயே கொடிகட்டித் தொங்கியது. அம்மா பீன்ஸ் நரம்பை உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா பல்கலைக்கழகப் பேருந்து ஓட்டுகிறவர். ஈரச் செருப்பைக் கதவருகில் சாய்த்துவிட்டு வெங்காயத்தோடு உட்கார்ந்தார். அந்த வீட்டில் வெங்காயம் உரிப்பது எப்போதும் அவர் வேலை. பேருந்துப் புகையில் பழகின கண்ணுக்கு வெங்காயம் ஒன்றும் செய்யாது என்பார். சொல்லும்போதே கண்ணீர் வழியும்.

“மைக் கேட்டியாமே,” என்றாள் அம்மா, பீன்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“யார் சொன்னா?”

“அந்தக் கட்டடத்துல யார்தான் சொல்லலை? நான் உன்கிட்ட என்ன சொன்னேன்? எனக்காக வாயைத் திறக்காதேன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னே.”

“அவ உன் வயித்துல இருக்கும்போதே வாயைத் திறந்துட்டா,” என்றார் அப்பா. “ராத்திரியெல்லாம் உதைப்பான்னு சொல்வியே, அது உதையில்ல. கத்தினது.”

“நீங்க சும்மா இருங்க. கேளுடி. பதினெட்டு வருஷமா அந்த ஸ்டூலு எனக்கு எப்படி இருந்துச்சுன்னு நினைக்கிறே? நான் எதையும் கேக்கலை, அதனால இருந்துச்சு. கேட்டா என்னை நிமிர்ந்து பாப்பாங்க. பாத்தா, ‘அட, இவ எப்படி இங்க உக்காந்திருக்கா’ன்னு தோணும். இப்ப தோணிடுச்சு.”

“நான் கேக்கறதுக்கு முன்னாடியே தாளை ஒட்டிட்டாங்கம்மா. கேக்காம இருந்தும் போகுது, கேட்டும் போகுது. கேட்டுட்டே போகட்டுமே.”

அம்மா ஒரு பீன்ஸை இரண்டு தடவை உரித்தாள்.

“உனக்கு நிரந்தரம்னு சொல்றாங்க,” என்றாள். குரல் இறங்கியிருந்தது. “எனக்கு அது போதும்டி. நீ அங்க உக்காந்தா நான் உக்காந்த மாதிரிதானே?”

“இல்லை. எனக்குப் பாடம் தெரியும். தெரியாத மாதிரி முழிக்கச் சொல்றாங்க. நான் பட்டம் வாங்கினது முழிக்கறதுக்கா?”

“நல்லா முழிப்பே நீ. சின்ன வயசுல பருப்பு டப்பாவைக் கொட்டிட்டு முழிச்சியே...” என்றார் அப்பா.

“அப்பா!”

“சரி சரி. ஆனா ஒண்ணு. நான் வண்டி ஓட்டிக்கிட்டே கேப்பேன். உங்கம்மா தலையை ஆட்டறது எனக்கு ரேடியோவுலயே தெரியும். வாத்தியார் குரல் அப்படியே வழுக்கிட்டுப் போகும். சாய்ச்சாள்னா வண்டி கியர் மாத்தற மாதிரி குரல் மாறும். கன்னத்துல கை வெச்சாள்னா மேட்டுல ஏறுற மாதிரி திணறும். பின்சீட்டுப் பசங்க கூடச் சொல்வாங்க, ‘அண்ணே, அக்கா கையை வெச்சிட்டாங்க போல’ன்னு.”

அம்மா சிரித்துவிட்டாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் சத்தத்தை விழுங்கிப் பழகியவள், அதனால் தோள் மட்டும் குலுங்கியது.

“இந்த வாரம் என்ன பாடம்?” என்று கேட்டாள்.

“வெளிச்சம்.”

“அதுல எனக்கு ரொம்ப நாளா ஒண்ணு இருக்கு.”

கடுகு நிமிர்ந்தாள். இந்தத் தொனியில்தான் அவள் வளர்ந்தாள். மற்றப் பிள்ளைகளுக்கு அம்மா கதை சொன்னாள் என்றால், இவளுக்கு அம்மா சந்தேகம் சொன்னாள். ஸ்டூடியோவில் கேட்க முடியாததையெல்லாம் முடிந்துவைத்துக்கொண்டு வந்து சமையல்கட்டில் அவிழ்ப்பாள். ‘சந்திரன் விழாம இருக்குன்னாரே, அதைப் பிடிச்சிருக்கற கை எங்க இருக்கு?’ ‘எலும்புக்குள்ள ரத்தம் ஊறுதுன்னாரே, எந்த வழியா வெளியே வருது?’ ஆறாவது படிக்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தெரியாத ஆத்திரத்தில் நூலகத்துக்கு ஓடினாள். ஓடி ஓடித்தான் பட்டதாரி ஆனாள். அந்த வம்சத்தில் முதல் பட்டம் அப்படி வந்தது.

“வெளிச்சம் அத்தனை வேகமா போகுதுன்றாரு. சரி. நான் ரூம்ல விளக்கை அணைக்கறேன். ஏற்கெனவே ரூம் பூரா இருந்த வெளிச்சம் எங்க போச்சு? கதவு சாத்தியிருக்கு. ஜன்னல் சாத்தியிருக்கு.”

“செவுரு வாங்கிக்கும்மா. சூடா மாறிடும்.”

“அப்ப செவுரு சூடாகணுமே. நான் தொட்டுப் பாத்திருக்கேன். ஜில்லுன்னுதான் இருக்கு.”

கடுகிடம் பதில் இருந்தது. ஆனால் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தனியாக நின்று சுவரைத் தடவிப் பார்த்திருக்கும் அம்மாவை நினைத்ததும் பதில் சொல்லத் தோன்றவில்லை.

“இதை நீ அவர்கிட்டயே கேளு.”

“பைத்தியமா?”

“உனக்கு மைக் வேணுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லு.”

அம்மா பீன்ஸ் தட்டை முறத்தைப் போல ஒரு தட்டுத் தட்டி நார்களை ஒதுக்கினாள். வளையல் கலகலத்தது. கையைத் தூக்கி அதைப் பார்த்தாள்.

“தினமும் இதைக் கழட்டி மாட்டிட்டுத்தான் போறேன். போட்டுக்கிட்டே உக்காந்தா எப்படி இருக்கும்னு ஒரு நாளைக்குத் தோணும். அவ்வளவுதான். எந்திரி, அடுப்பைப் பத்த வை.”

அடுப்படியில் அப்பா மெதுவாகக் கேட்டார். “அந்த வேலை வேணாம்னா அப்புறம்?”

“வேற வேலை. படிச்சிருக்கேன்ல? ஒரு வேலையை வேண்டாம்னு சொல்லத் தைரியம் வராட்டி எதுக்குப்பா படிச்சேன்?”

“அது சரி,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம்.

சனிக்கிழமை காலை, உஷ் சார் புது ஸ்டூடியோவின் விளக்குகளைப் பார்க்கப் போயிருந்த சமயம், கடுகு அவர் அறைக்குள் போனாள். மேசைமேல் நிரந்தர ஆணை கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அதன்மேல் ஒரு தாளை வைத்து, வெந்நீர்க் குவளையைத் தூக்கி வைத்தாள். தாளில் மூன்று வரி: ‘மாணவர் குரல் பதவி எனக்கு வேண்டாம். எனக்குப் பாடம் புரிந்துவிடுகிறது; ஆகையால் தகுதி இல்லை. தகுதியுள்ளவரை இன்று நீங்களே கேட்பீர்கள்.’ கீழே கையெழுத்து.

புது ஸ்டூடியோ வாசலிலும் ஒரு ஆணி இருந்தது; அம்மா வளையல்களைக் கழற்றி அதில் மாட்டிவிட்டு உள்ளே போனாள். பின்னால் வந்த கடுகு அவற்றை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. நேரலை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உஷ் சார் வாயில் விரல் வைத்துத் தயாராக நின்றார். பேராசிரியர் வணக்கம் சொன்னார். கடுகு தாளைப் பார்த்து, “ஐயா, வெளிச்சம் என்றால் என்ன?” என்று கேட்டாள். அவள் குரல் சுத்தமாக, அழகாக, கடையில் வைத்த பிளாஸ்டிக் பழம் மாதிரி இருந்தது. பேராசிரியர் ஆரம்பித்தார். அவர் கண் இவளைத் தாண்டி, கேமராவுக்குமேல் தெரிந்த முகத்துக்குப் போனது. அங்கே போனதும் குரல் இளகியது. விளக்கிலிருந்து புறப்படும் வெளிச்சம், அதன் வேகம், ஒரு நொடிக்குள் அது போகும் தூரம். ஆறாவது நிமிடம் அந்த முகம் சாய்ந்தது.

“என்ன, புரியலையா?” என்றார், பழக்கத்தில்.

தாளின்படி கடுகு இப்போது இரண்டாவது சந்தேகத்தைக் கேட்க வேண்டும். தாளை மடித்தாள்.

“எனக்குப் புரிஞ்சிடுச்சு சார். புரியாதது அங்க உக்காந்திருக்கவங்களுக்கு. அவங்களே கேக்கட்டும்.”

எழுந்தாள். காலர் மைக்கைக் கழற்றினாள்; அது கையில் கரகரவென்று உரசிக்கொண்டே வந்தது. கேமராவுக்குப் பின்னால் போய், அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். அம்மா கண்ணாலேயே திட்டினாள். வாயைத் திறந்து திட்ட முடியாதே, சிவப்பு விளக்கு எரிகிறதே! அதே கதிதான் கண்ணாடிக்குப் பின்னால் உஷ் சாருக்கும். இரண்டு கையையும் ஆட்டினார், குதித்தார், வாய் முழு வட்டமாகத் திறந்தது. சத்தம் வரவில்லை. ஊரையெல்லாம் உஷ் என்று அடக்கியவரை அவர் வைத்த விளக்கே அடக்கிவிட்டது. பேராசிரியர் தன் பக்கத்து நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். கேமராக்காரர் கேமராவை மெல்லத் திருப்பினார்.

கடுகு அம்மாவை உட்கார வைத்து, சேலைத் தலைப்பில் மைக்கைக் குத்தினாள். வளையல்களை அவள் மடியில் வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கனத்த கதவைத் திறந்து, துளியும் ஓசை எழாமல் சாத்தினாள். அந்தக் கதவை அப்படிச் சாத்தச் சொல்லிக்கொடுத்ததே அம்மாதான்.

வராந்தாவில் ஒலிபெருக்கி இருந்தது. “கேளுங்கம்மா,” என்றது அதில் பேராசிரியர் குரல். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்று. இரண்டு. கடுகு ஒலிபெருக்கிக்குக் கீழே போய் நின்றாள். மூன்று. பதினெட்டு வருஷமாய்ச் சத்தமே போடக்கூடாது என்று இருந்தவளைப் போய்... நாலு. ஐந்து. புல்லாங்குழல் இந்நேரம் மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும். ஆறு.

கலகலவென்று வளையல் ஒலித்தது. ஒன்று, இன்னொன்று, நாலும் கைக்கு ஏறின.

“ஐயா,” என்றது அம்மாவின் குரல். தொண்டையைச் செருமிக்கொண்டது. தாராளமாக, இரண்டு தடவை. “வெளிச்சம் அத்தனை வேகமா போகுதுன்றீங்க. சரி. நான் விளக்கை அணைக்கறேன். ரூம்ல ஏற்கெனவே இருந்த வெளிச்சம் எங்க போச்சு? செவுரு வாங்கிக்கும்னு எம்பொண்ணு சொல்றா. அவளுக்குச் செவுரைத் தொட்டுப் பாத்துப் பழக்கமில்லை. நான் தொட்டுப் பாத்தேன். ஜில்லுன்னு இருக்கு.”

பேராசிரியர் சிரித்தார். இருபது வருஷமாக வகுப்பில் சிரிக்காத ஆள்.

“அம்மா, இந்த விளக்கெல்லாம் அணைக்கச் சொல்லட்டுமா? நாமளே தொட்டுப் பாத்துடலாம்,” என்றார்.

பதில் கேட்கக் கடுகு நிற்கவில்லை. அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி, வளையல் தொங்கிய ஆணியில் மாட்டினாள். மூலையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கி நடந்தாள்.